கேமரா இல்லாமலே உங்களைக் கவனிக்கும் வைஃபை... வரமா, வம்பா?

ஊரில் அம்மா தனியாக இருக்கிறார். ராத்திரி பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? கேமரா வைக்கலாம் என்றால், 'பாத்ரூம்ல போய் கேமராவா?' என்பார். ஸ்மார்ட் வாட்ச் கட்டிவிட்டால் சார்ஜ் போட மறந்துவிடுவார். இந்தக் கவலைக்கு, ஹாலில் இருக்கும் வைஃபை ரவுட்டரே தீர்வாகலாம். இதற்குப் பெயர்தான் வைஃபை சென்சிங்.

எப்படி வேலை செய்கிறது?

ரவுட்டரிலிருந்து கிளம்பும் அலைகள் நேராக உங்கள் போனுக்கு மட்டும் வருவதில்லை. சுவர், பீரோ, மனிதர்கள் என எல்லாவற்றிலும் பட்டுத் தெறித்து, பல பாதைகளில் வந்து சேர்கின்றன. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். அது அலைகளை உறிஞ்சும், திருப்பியும் அனுப்பும். அதனால் நீங்கள் ஓர் அடி நகர்ந்தாலே சிக்னல் மாறிவிடும்.

இணைப்பு நன்றாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காக ரவுட்டரும் போனும் இந்த மாற்றத்தை ஏற்கெனவே அளந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த அளவுகளை ஏஐ-யிடம் கொடுத்தால் 'நடக்கிறார்', 'உட்கார்ந்தார்', 'விழுந்துவிட்டார்' எனப் பிரித்துச் சொல்லும். ஆள் அசையாமல் படுத்திருந்தால், மூச்சு விடும்போது நெஞ்சு சில மில்லிமீட்டர் ஏறி இறங்குவதைக்கூடப் பிடித்துவிடலாம். ஆனால் மின்விசிறி சுற்றினாலும், பூனை ஓடினாலும் சிக்னல் மாறும். அதனால் இது சில நேரம் ஏமாறவும் செய்யும்.

6ஜி-யில் என்ன நடக்கும்?

சுவருக்கு அப்பால் நடமாடுபவரை வைஃபை அலையை வைத்தே கண்டுபிடிக்க முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி பேராசிரியர் டினா கட்டாபியும் அவர் மாணவர் ஃபதேல் அதீபும் 2013-லேயே காட்டினார்கள். இப்போது இதற்கென்றே '802.11பி.எஃப்' என்ற தரநிலை 2025-ல் வந்துவிட்டது.

அடுத்தது 6ஜி. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2023-ல் வெளியிட்ட 6ஜி வரைவில் ஆறு முக்கியப் பயன்பாடுகள் உள்ளன. தகவல் தொடர்பும் சென்சிங்கும் ஒன்றாக இயங்குவது அவற்றில் ஒன்று. அதாவது, செல்போன் டவரே ரேடார் வேலையும் பார்க்கும். வழிதவறி வரும் டிரோன், வளைவில் வரும் வண்டி எல்லாம் அதற்குத் தெரியும்.

சரி, வம்பு எங்கே?

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2025-ல் 197 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சாதாரண வைஃபை சிக்னலை வைத்தே 'இது இன்னார்' என்று கிட்டத்தட்ட 100 சதவிகிதம் சரியாகச் சொல்ல முடிந்தது. உங்கள் போனை அணைத்துவிட்டாலும் தப்பிக்க முடியாது. சுற்றியிருப்பவர்களின் போன்கள் வைஃபையில் இருந்தாலே போதும். நீங்கள் அனுப்பும் மெசேஜுக்குப் பூட்டு உண்டு. ஆனால் சிக்னல் எப்படி வந்து சேர்ந்தது என்று போன் ரவுட்டருக்குச் சொல்லும் தகவல் பூட்டில்லாமல்தான் போகிறது.

நீங்கள் செய்யவேண்டியது

* புது ரவுட்டர் வாங்கினால், அதன் ஆப்பில் மோஷன் டிடெக்‌ஷன் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தேவையில்லை என்றால் ஆஃப் செய்யுங்கள்.

* அந்தத் தகவல் வீட்டுக்குள்ளேயே இருக்குமா, நிறுவனத்தின் சர்வருக்குப் போகுமா என்று கேளுங்கள்.

* முக்கியமாக, அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத காவல் என்றாலும், வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யவேண்டியவர் அவர்தான்!