கட்டளையின் மெய்மையும் சாரதியற்ற வாகனமும்

1924ஆம் ஆண்டில் இருப்புப்பாதை பதுளையை வந்தடைந்தது. அதற்கப்பால், பசறையைக் கடந்து மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் செல்வோர்க்கு மலைவீதியே வழியாயிற்று. இருப்புப்பாதையில் வண்டியை நடத்தியது நிலையத்தாரின் கட்டளை. வீதியில் வாகனத்தை நடத்தியது சாரதியின் கண். சாரதியற்ற வாகனங்கள் உலகின் சில நகரங்களில் ஓடத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், வீதியும் கட்டளையின் ஆட்சிக்குள் வருகின்றது. அக்கட்டளை மெய்யானதென எவ்வாறு அறிவது? இவ்வினா புதியதன்று.

1874இல் இங்கிலாந்தின் தோர்ப் என்னுமிடத்தில், அதிகாரியின் கையொப்பம் பெறாத தந்தியொன்றை நம்பி அனுப்பப்பட்ட வண்டி, ஒற்றைப் பாதையில் எதிரே வந்த வண்டியுடன் மோதியது. 20 பேருக்கு மேல் மாண்டனர். இதன்பின் எட்வர்ட் டயர் என்பார் மின்தொடர்புடைய தட்டுமுறையை வகுத்தார். அடுத்தடுத்த நிலையங்களின் கருவிகள் மின்கம்பியாற் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு நிலையத்தார் இசைந்தாலன்றி மற்றவர் தட்டை எடுத்தல் இயலாது. ஒரு தட்டு வெளியே இருக்கும்வரை இன்னொன்று வெளிவராது. தட்டைக் கையிற் பெற்ற சாரதியே வண்டியைச் செலுத்தலாம். நம் மலைநாட்டுப் பாதையிலும் இம்முறை நெடுங்காலம் கைக்கொள்ளப்பட்டது.

ஆயினும், 1921இல் வேல்ஸ் நாட்டின் அபர்மியூல் நிலையத்தில், வண்டி கொண்டுவந்த தட்டே தவறுதலாக அதன் சாரதியிடம் மீண்டும் கொடுக்கப்பட்டது. எவரும் அதனைச் சரிபார்க்கவில்லை. தொடர்ந்த மோதலில் 17 பேர் இறந்தனர். கருவி பழுதடையவில்லை, பெற்றவர் சோதிக்கவில்லை.

இதே குறைபாடு கணினி யுகத்திலும் வெளிப்பட்டது. 2015இல் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், வீதியில் ஓடிக்கொண்டிருந்த ஜீப் வாகனமொன்றினுள் இணையத் தொடர்பு வழியே தொலைவிலிருந்து புகுந்து, அதன் வேகத்தைக் குன்றச் செய்து காட்டினர். வாகனத்தின் உட்கருவிகள், வந்த கட்டளை யாருடையது என உசாவும் திறனற்றிருந்தமையே இதற்கு ஏதுவாயிற்று. 14 இலட்சம் வாகனங்கள் திருத்தத்துக்காக மீள அழைக்கப்பட்டன. சாரதி அமர்ந்திருந்த வாகனத்துக்கே இந்நிலையெனின், சாரதியற்ற வாகனத்தின் நிலை சொல்ல வேண்டுவதில்லை. 2020இல் ஐக்கிய நாடுகளின் கீழ் வகுக்கப்பட்ட விதிகள், இத்தகைய பாதுகாப்பை வாகனத்தின் வாழ்நாள் முழுவதும் பேணும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தின.

வாகனங்களைப் பெரும்பாலும் இறக்குமதி செய்யும் இலங்கைக்கு இவ்விதிகள் மிக வேண்டியவை. பழைய வாகனங்களும் பல்லாண்டு உழைக்கும் நாடு இது. உற்பத்தியாளர் கைவிட்ட பின்னரும் அவை ஓடும். ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாய்க் கிடக்கும் மடுல்சீமை வீதியில், பொய்க்கட்டளை ஒன்றுக்குப் பலியாவோர் பேருந்தில் நெருங்கி நிற்கும் தோட்டத் தொழிலாளரும் மாணவருமே. ஆதலின், சாரதியின் ஆசனத்தை இயந்திரத்துக்கு வழங்குமுன், கட்டளை விடுப்பவர் யார், அதனைச் சோதிப்பது எது, தவறினால் பொறுப்பாளி யார் என்பவற்றைச் சட்டத்தால் வரையறுத்தல் அரசின் கடனாகும்.