இளவேனில் வலசை – தமிழகத்தில்

குளிர்காலத்தைத் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் கழித்த பறவைகள், கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதற்காக வடக்கே திரும்பும் பயணம் இளவேனில் வலசை. தமிழகத்தில் இது பிப்ரவரி இறுதியில் மெல்லத் தொடங்கி, பங்குனியிலும் சித்திரையிலும் உச்சம் கண்டு, மே நடுவில் ஓய்கிறது. ஐப்பசியில் வந்திறங்கும் பறவைகள் நாளிதழில் படமாகின்றன. சரணாலயங்களில் கூட்டம் சேர்கிறது. அவை புறப்படுவதை யாரும் கொண்டாடுவதில்லை. வேலியோரத்தில் ஆறு மாதமாகக் கேட்ட குரல் ஒரு காலையில் நின்றுபோனால், அது பலர் காதில் உறைப்பதே இல்லை. இந்தக் கவனக்குறைவு பெரிய இழப்பு. ஏனெனில், வந்த நாளைப் போலவே போன நாளும் அறிவியலுக்கு வேண்டிய தகவல்.

புறப்பாட்டுக்கு வெயில் மட்டும் காரணமல்ல. கோடியக்கரை அமைந்துள்ள அட்சரேகையில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகமான வேறுபாடுதான் உண்டு. அந்தச் சிறு மாற்றமும், உடலுக்குள் ஓடும் ஆண்டுக் கடிகாரமும் சேர்ந்து பறவையைத் தயார்ப்படுத்துகின்றன. பசி பெருகுகிறது, தோலுக்கடியில் கொழுப்பு சேர்கிறது. சில கரைப்பறவைகளின் எடை ஏறக்குறைய இரட்டிப்பாவதும் உண்டு. திரும்பும் பயணம் பொதுவாக வரும் பயணத்தைவிட வேகமானது. முந்திச் சேரும் ஆணுக்கு நல்ல கூடமைப்பிடம் கிடைக்கும் என்பதே அந்த அவசரத்துக்கு முக்கியக் காரணம்.

இதைக் கண்ணால் காண நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையை விடச் சிறந்த இடம் தமிழகத்தில் இல்லை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2002இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்தச் சதுப்பு நிலத்தில், மும்பையில் 1883இல் நிறுவப்பட்ட பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. பறவையியலாளர் சாலிம் அலியின் ஈடுபாடு அந்தப் பணிக்கு அடித்தளமாக இருந்தது. கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், கருவால் மூக்கன், பவளக்காலி என உப்பளங்களிலும் சேற்றிலும் மேயும் கூட்டத்தை டிசம்பரில் பார்த்தால் எல்லாமே சாம்பலும் வெள்ளையுமாக, இனம் பிரிக்கவே சிரமமாக இருக்கும். மார்ச் கடைசியில் அதே சேற்றுக்குப் போனால் காட்சி மாறியிருக்கும். வளைமூக்கு உள்ளானின் மார்பில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக ஏறத் தொடங்கும். ஏப்ரலில் சில பறவைகள் வயிறுவரை சிவந்து நிற்கும். அந்தச் சிவப்பு சைபீரியாவின் ஆர்க்டிக் கரையில் இணைதேடுவதற்கானது. வழக்கமாக முப்பது கிராமைத் தாண்டாத கொசு உள்ளானும் அதே வடகோடித் தூந்திரச் சமவெளிகளுக்கே பறக்கிறது. உப்பளங்கள் பெருகி, நன்னீர் வரத்துக் குறைந்த பிறகு இங்கு வரும் கரைப்பறவைகளின் எண்ணிக்கை 1980களில் இருந்ததைவிட வெகுவாகச் சரிந்துவிட்டது. சேற்றில் இரை குறைந்தால் பயணத்துக்கான கொழுப்பும் குறையும். அந்தப் பற்றாக்குறையோடு கிளம்பும் பறவை வழியில் என்ன பாடுபடும் என்பது வேதனையான கேள்வி.

நன்னீர்க் குளங்களில் புறப்பாடு இன்னும் முன்னதாக நடக்கிறது. நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் தண்ணீர் வற்றும்போதே கிளம்பத் தொடங்குகின்றன. திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் மங்கோலியா, திபெத் ஏரிகளை நோக்கி இமயமலையைக் கடக்கின்றன. செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட வாத்துகள் 7,000 மீட்டருக்கு மேலும் பறந்திருக்கின்றன. வேடந்தாங்கலைப் பற்றி இங்கே ஒரு தெளிவு தேவை. அங்கே கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன் போன்றவை பெரும்பாலும் இந்தியத் துணைக்கண்டத்துக்குள்ளேயே இடம்மாறுபவை. குளிர்காலத்தில் அவை இனப்பெருக்கம் செய்வதே அதற்குச் சான்று.

சரணாலயத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் இந்த வலசை எட்டும். தோட்டத்துப் புதரில் மறைந்தபடி “ட்சக், ட்சக்” என்று ஒலிக்கும் பிளித் நாணல் கதிர்க்குருவி, கிளம்பும் முன் ஏப்ரலில் சில காலைகளில் முழுப் பாட்டே பாடும். ஃபின்லாந்து முதல் சைபீரியா வரை பரந்த கோடைக்காலத் தாயகத்துக்கான பாட்டு அது. பழுப்புக் கீச்சான் பனிக்காலம் முழுதும் காத்த முள்மரத்தை விட்டு அகலும். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் தங்கியிருந்த ஆறுமணிக்குருவி நடு இந்தியாவுக்கும் இமயமலை அடிவாரத்துக்கும் திரும்புகிறது; தென்மேற்குப் பருவமழையோடு அங்கே கூடு கட்டும்.

தமிழர் இந்தத் திரும்புதலை அறியாதவர்களும் அல்லர். குமரித் துறையில் நீராடிவிட்டு வடக்கே செல்லும் செங்கால் நாரையிடம் தூது சொன்ன சத்திமுத்தப் புலவரின் தனிப்பாடல், வரும் பறவையை அல்ல, திரும்பும் பறவையையே பாடுகிறது.

இன்று இதைப் பதிவுசெய்வது எளிது. 2007இல் தொடங்கிய மைக்ரன்ட்வாட்ச் திட்டம், வலசைப் பறவையை முதலில் பார்த்த நாளோடு கடைசியாகப் பார்த்த நாளையும் கேட்டது. இப்போது பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் அந்தப் பணி தொடர்கிறது. தமிழகப் பறவை ஆர்வலர்கள் பெருமளவில் பங்கேற்கும் பொங்கல் கணக்கெடுப்பு ஜனவரியில் நடப்பதால், அதில் புறப்பாடு தெரியாது. மார்ச் முதல் மே வரை ஒரே இடத்தை வாரம் ஒருமுறை பார்த்து, பறவை தென்படாத நாளின் பட்டியலையும் சேர்த்தே பதிவிட்டால்தான் கடைசி நாள் துலங்கும். ஒரு சிக்கலும் உண்டு: கரைப்பறவைகளில் ஓராண்டு நிரம்பாத இளசுகள் பல வடக்கே போகாமல் கோடையையும் இங்கேயே கழிக்கும். ஜூனில் கோடியக்கரையில் நிற்கும் சாம்பல் நிற உள்ளான் தாமதமாகக் கிளம்பும் பறவையாக இருக்க வேண்டியதில்லை.

மே, ஜூனில் எதிர்த்திசைப் பயணிகளும் வருகின்றன. சுடலைக்குயில்களில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து பருவக்காற்றோடு இந்தியாவுக்குள் நுழைகிறது. தென்னகத்தில் நிரந்தரமாக வாழும் சுடலைக்குயில்களும் உண்டு. சோளக்குருவியின் கணக்கு எல்லாவற்றிலும் வேறு. வெட்டுக்கிளி பெருகும் மத்திய ஆசியப் புல்வெளிகளில் கூட்டமாகக் கூடு கட்டி, விரைவில் குஞ்சுகளை வளர்த்துவிடும் இப்பறவை, ஏப்ரல் இறுதிவாக்கில் இந்தியாவை விட்டுப் புறப்பட்டு, ஜூலையிலேயே திரும்பி வரத் தொடங்கிவிடுகிறது.