மலைநாட்டு ஏடுகளும் பதிப்புரிமைச் சட்டமும்

யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தபொழுது, ஏடுகளுக்குப் பகையாய் நின்றவை செல்லும் காலமுமே. ஏடு வைத்திருந்தோர் இசைந்தாற் போதும். பாடிய புலவர்க்கு வழித்தோன்றல் யாவரென வினவவேண்டிய தேவை எழவில்லை. இன்று அச்சுநூலொன்றைக் காக்க முற்படுவோர் முன்னே செல்லோடு சட்டமும் நிற்கின்றது. மலைநாட்டில் அவ்விடர் ஏனைய பகுதிகளினும் மிகுதி. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு.

இலங்கையிற் பதிப்புரிமை ஆங்கிலேயர் ஆட்சியோடு வந்தது. 1911ஆம் ஆண்டுப் பிரித்தானியச் சட்டமே இங்கும் நெடுங்காலம் வழங்கிற்று. 1979இல் எழுந்த சட்டம் ஆசிரியர் மறைந்தபின் 50 ஆண்டுவரை உரிமையை நிலைநிறுத்தியது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் அதனை 70 ஆண்டாக நீட்டிற்று. இலாபங் கருதாத நூலகமும் சுவடிக்கூடமும் தம் நூலைப் பேணும்பொருட்டு ஒரு படி எடுத்துக்கொள்ள அச்சட்டம் இடந்தருகின்றது. அச்சலுகை நிழற்படிப் பொறியை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டது. எண்ணிமப் படியோ ஒன்றாயிருந்து பிழைப்பதன்று. கணினிக்குக் கணினி மாற்றியும், ஓரிடத்துக்கு ஈரிடத்தில் வைத்தும் காத்தாலன்றி அழிந்துபடும். தொலைவிலுள்ளார் வலைத்தளத்திற் படிக்குமாறு அதனை வைப்பதும் அச்சலுகையுள் அடங்காது.

அட்டனுக்கு அண்மையில் வாழும் எமக்கு இரு பெயர்கள் உடனே நினைவுக்கு வருகின்றன. ஒருவர் கோ. நடேசையர், 1931இல் அட்டனிலே தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவி, 1936இல் அத்தொகுதியினின்று அரசாங்க சபை புகுந்தவர். அவர் 1947இல் மறைந்தார். ஆதலின் 70 ஆண்டுக் கணக்குப்படி பார்த்தாலும் 2017ஆம் ஆண்டின் முடிவோடு அவர் எழுத்துக்கள் பொதுவுடைமையாயின. மற்றவர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் மறைந்தது 1984இல். அவர் நூல்கள் 2054ஆம் ஆண்டு முடியும்வரை உரிமைக்குட்பட்டவை. இவ்விருவர்க்கும் மறைந்த ஆண்டேனும் தெரியும், கணக்கிடலாம். புனைபெயரில் ஒரு கவிதையோ இரு கதையோ எழுதி மறைந்த தோட்டத்து இளைஞர்க்கு எவ்வாறு கணக்கிடுவது?

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தது. அவ்வாறு போனோருள் எழுதினோரும் இருந்தனர், சிற்றிதழ் நடத்தினோரும் இருந்தனர். நீலகிரியிலும் பிறவிடங்களிலும் சிதறிய குடும்பங்களுள் உரிமையாளரைத் தேடி இசைவு பெறுக என்கின்றது சட்டம். மக்களைப் பிரித்தனுப்பியது அரசு. அவர்தம் வழித்தோன்றலைத் தேடும் சுமையோ ஊதியமற்ற நூலகத் தொண்டர் தலையில். இது நீதியாக எமக்குத் தோன்றவில்லை.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரித்த தீ, ஒரே இடத்தில் ஒரே படியை வைத்திருப்பதன் கேட்டை நமக்குக் கற்பித்தது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம முயற்சி, ஆசிரியரிடமும் வெளியீட்டாளரிடமும் இசைவு பெற்று ஈழத்து ஏடுகளைத் தொகுத்து வருகின்றது. கேட்கத்தக்கவர் இருக்குமிடத்து அது நல்வழியே. பாரதியார் பாடல்களின் உரிமையைச் சென்னை அரசு 1949இற் பெற்றுப் பொதுவாக்கியதும் போற்றத்தக்கது. ஆயினும் அதற்கும் விற்பார் ஒருவர் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் வேறு நெறி கண்டது. முறையாகத் தேடியும் உரிமையாளர் அகப்படாத நூலை நூலகங்கள் எண்ணிமமாக்கி வெளியிடலாம். பின்னர் உரியவர் தோன்றின் அவர் உரிமை அவரைச் சேரும். நம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இத்தகைய ஏற்பாடு இல்லை.

டிக்கோயாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தகரப் பெட்டியொன்றில் அறுபதுகளின் சிற்றிதழ்கள் சிலவற்றை வைத்திருக்கின்றார். பனியும் ஈரமும் ஏறி ஓரங்கள் கறுத்துவிட்டன. பக்கத்தைப் புரட்டினால் தாள் விரலோடு வருகின்றது. ஓர் இதழில் எழுதிய பதினொருவருள் நால்வரையே அவராற் சுட்டமுடிந்தது. அந்நால்வருள் ஒருவர்க்கு, கோத்தகிரி முகவரிக்கு, இசைவு வேண்டி யாம் எழுதிய கடிதம் பெறுவாரின்றித் திரும்பி வந்தது. அக்கடிதத்தையும் அவர் அப்பெட்டியிலேயே வைத்துக்கொண்டார்.