இருக்கை மெத்தையின் கதை

மோட்டார் வண்டியின் வரலாறு கூறுவோர் இயந்திரத்தைப் பேசுவர். இருக்கையைப் பேசுவார் அரியர். ஆயினும் இருக்கை தைக்கும் தொழில் மோட்டாருக்கு மூத்தது. சென்னையில் சிம்ப்சன் கம்பெனி 1840-இல் குதிரை வண்டிகள் கட்டத் தொடங்கியது. 1903-இல் அங்கேயே நீராவிக் கார் ஒன்றும் உருவாயிற்று. குதிரை போயிற்று, குதிரை மயிர் திணித்த மெத்தை மட்டும் மோட்டாருக்குள் ஏறிக்கொண்டது!

தோலுக்கு மாற்றாக ரெக்சின் வந்தது. பருத்தித் துணிமேல் நைட்ரோ செல்லுலோஸ் பூசிச் செய்தது அது. விலை மலிவு, ஆனால் நாட்பட்டு வெயிலில் நெகிழ்விழந்து வெடிக்கும். வெடிப்பின்மேல் ஒட்டுப் போட்டுத் தைப்பது பேதைமை என்பேன். ஊசித்துளை வரிசையே அடுத்த கிழிசலுக்கு வழி திறந்துவிடும். சிறு கிழிசலாயின் அதன் அடியில் துணியைச் செலுத்திப் பசையால் ஒட்டவேண்டும். பெரிதாயின், தேர்ந்த தையற்காரர் பழைய தையலைப் பிரித்து, நைந்த துண்டையே அளவாக வைத்துப் புதியதை வெட்டுவார். பல்லாண்டு வடிவகணிதம் கற்பித்த எனக்கு அது பெருவியப்பு. வளைந்த இருக்கையைத் தட்டைத் துண்டுகளாகக் காணும் அறிவை அவர் எந்தப் பள்ளியில் பயின்றார்?

2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர் வண்டிகள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றின் உறைக்குரிய அளவுகளைத் தொகுத்த நூல் எதனையும் நான் கண்டதில்லை. அவ்வளவுகள் முதிய தையற்காரர் சிலரின் விரல்களில் உள்ளன. அவர்களிடம் அமர்ந்து எழுதிக்கொள்ள இளைஞர் எவரேனும் முன்வரின் நலம்.