நிகழாத சிதைவு காட்டிய துகள்

ஆய்வகத்தில் ஒன்று நிகழ்ந்தால் காரணம் தேடுகிறோம். நிகழ வேண்டியது நிகழாவிட்டால்? அதற்கும் காரணம் உண்டு என்று நிறுவியவர்களுள் ஒருவர் கிரேக்க இயற்பியலறிஞர் ஜான் இலியோபுலோஸ்.

1940 இல் கலமாட்டா நகரில் பிறந்த இவர், 1962 இல் ஏதென்சில் பொறியியல் பட்டம் பெற்றார். பின்னர் பாரிசில் கோட்பாட்டு இயற்பியலுக்கு மாறினார்.

அக்காலத்தில் அறிஞர்களைக் குழப்பிய துகள் கே-மெசான். மின்னூட்டமுள்ள கே-மெசான்கள் நூறில் ஏறத்தாழ 63, ஒரு மியூவானாகவும் ஒரு நியூட்ரினோவாகவும் சிதைகின்றன. ஆனால் மின்னூட்டமற்ற, நீண்ட ஆயுளுடைய கே-மெசான் இரு மியூவான்களாகச் சிதைவது மிக அரிது. இன்றைய அளவீட்டின்படி நூறு கோடியில் சுமார் 7 மட்டுமே! ஆற்றல் அழியா விதி இதைத் தடுக்கவில்லை. பின் தடுப்பது எது?

அன்று அறியப்பட்ட குவார்க்குகள் மூன்று. 1970 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கிளாஷோ, மையானி ஆகியோருடன் இலியோபுலோஸ் விடை கண்டார். நான்காவது குவார்க் ஒன்று இருந்தால், இச்சிதைவுக்கு இன்னொரு வழி பிறக்கும். ஓர் அலையின் முகடு மற்றோர் அலையின் அகட்டோடு சேர்ந்து மறைவதுபோல, இரு வழிகளும் ஒன்றையொன்று ஏறக்குறைய அழித்துவிடும். குவார்க்குகளின் நிறை வேறுபாட்டால் சிறிதளவே எஞ்சும். அந்த எச்சம் மிகச் சிறியதாதலால், புதிய குவார்க்கின் நிறையும் ஓர் எல்லைக்குள் இருந்தாக வேண்டும். 'சார்ம்' என்ற பெயர் அதற்கு 1964 இலேயே இடப்பட்டிருந்தது. தேவை இப்போதுதான் தெளிவாயிற்று.

எனினும் நான்கு ஆண்டுகள் சான்று கிடைக்கவில்லை. 1974 இல் லண்டன் மாநாட்டில், அடுத்த மாநாடு முழுவதும் சார்ம் துகள்களைப் பற்றியே இருக்கும் என்று ஒரு பெட்டி ஒயினைப் பந்தயம் வைத்தார் இலியோபுலோஸ். அவ்வாண்டு நவம்பரிலேயே டிங், ரிக்டர் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே ஒரு புதிய துகளைக் கண்டன. அதன் நிறை புரோட்டானைப்போல் சுமார் 3.3 மடங்கு. சார்ம் குவார்க்கும் அதன் எதிர்த்துகளும் இணைந்ததே அது! இவ்விருவருக்கும் 1976 இல் நோபல் பரிசு கிடைத்தது. தனிச் சார்ம் உடைய மெசான்களும் அதே ஆண்டில் அகப்பட்டன.

பின்னாளில் இலியோபுலோஸ், பாரிசின் எக்கோல் நார்மல் சுப்பீரியரில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் இயக்குநராக இருந்து இளம் ஆய்வாளர்களை வழிநடத்தினார். 2007 இல் மையானியுடன் டிராக் பதக்கம் பெற்றார்.

மாணவர்களே, செய்முறைக் குறிப்பேட்டில் 'விளைவு இல்லை' என்று எழுத நேர்ந்தால் சோர்வடைய வேண்டா. ஏன் இல்லை என்று கேளுங்கள். நான்காவது குவார்க் அப்படித்தான் அகப்பட்டது.