நட்புக் கடன்: குவெல்தாலஸ் மக்கள் கூட்டணியை நீங்கிய வரலாறு

இருந்த நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டும் செப்பேடும் துணையாகும். இராத நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர்க்கோ, அந்நாட்டைப் புனைந்தோர் சொல்லே சான்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த பிளிசார்ட் நிறுவனத்தார் 1994ஆம் ஆண்டில் 'வார்கிராஃப்ட்' என்னும் கணிப்பொறி விளையாட்டை வெளியிட்டனர். அதில் பிறந்த அசெரோத் என்னும் கற்பனையுலகு முப்பதாண்டுகளுக்கு மேலாக வளர்ந்து வருகிறது. விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் வட்டத்து அன்பர்கள் முகம் சுளித்தல் வேண்டா. போர்க்களத்தில் வாள் சுழற்றுவது இளைஞர்க்குரிய பொழுதுபோக்கு. அந்த வாள்களுக்குப் பின்னால் மன்னர்களும் தூதுவர்களும் செய்துகொண்ட உடன்பாடுகள், அவை முறிந்த விதம் ஆகியன காப்பியம் பயில்வோர்க்கு உரியவை. அவற்றுள் ஓர் இனத்தாரின் கதையை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கிறேன்.

முதற்போரில் ஸ்டார்ம்விண்ட் என்னும் மாந்தர் அரசு அழிந்தது. வேற்றுலகிலிருந்து வாயில் ஒன்றைக் கடந்து வந்த ஓர்க் இனத்தார் அதனை எரித்தனர். தப்பிய மக்களைக் கப்பலேற்றி வடக்கே கொண்டு சென்றார் படைத்தலைவர் லோதர். அங்கே லார்டரான் மன்னர் டெரெனாஸ், ஏனைய மாந்தர் அரசர்களை ஓரவையில் கூட்டினார். 1995இல் வெளிவந்த இரண்டாம் விளையாட்டு இந்தக் கூட்டணியின் போரைச் சொல்வது. அவையில் அமர்ந்தோர் ஒருவரையொருவர் நம்பியவர் அல்லர். கில்னியஸ் மன்னர் கிரேமேன் தம் படையே தமக்குப் போதும் என்ற இறுமாப்பு உடையவர். ஆல்டராக் மன்னர் பெரனோல்டு, பின்னர் மலைக் கணவாய்களைப் பகைவர்க்குத் திறந்துவிட்டு, கூட்டாளிகளாலேயே அரசிழந்தவர். குள்ளரும் நோம்களும் ஓர்க்குகளால் தம் மலைகளில் முற்றுகையிடப்பட்டுக் கூட்டணியின் பக்கம் வந்தவர்கள்.

வடகோடியில் குவெல்தாலஸ் என்னும் வனநாட்டில் உயர் எல்ஃப்கள் வாழ்ந்தனர். நெடுவாழ்வும் மாய வித்தையும் உடைய தொல்குடியினர் அவர்கள். கதிர்க்கிணறு என்னும் மாய ஊற்று அவர்தம் உயிர்நாடி. மாந்தர் போர் தமக்குரியதன்று என ஒதுங்கியே இருந்தார் அவர்தம் மன்னர் அனஸ்டீரியன். எனினும் ஒரு கடன் அவரைக் கட்டியிருந்தது. அப்போருக்கு ஏறத்தாழ 2,800 ஆண்டுகளுக்கு முன், டிரோல் இனத்தார் எல்ஃப்களைச் சூழ்ந்து அழிக்க முற்பட்டபோது, தோராடின் என்னும் மாந்தர் வேந்தன் படையுதவி செய்தான். கைம்மாறாக எல்ஃப்கள் மாந்தர் நூற்றுவர்க்கு மாய வித்தை கற்பித்தனர். தோராடின் மரபுக்கு என்றென்றும் துணைநிற்பதாகவும் வாக்களித்தனர். லோதர் அம்மரபின் இறுதித் தோன்றல். ஆகவே மறுக்க இயலாமல் சிறுபடை ஒன்றை அனுப்பினர். கடனைத் தீர்க்கும் அளவே அனுப்பினர் என்பது கருதத்தக்கது. ஓர்க்குகள் தம் கானகங்களுக்குத் தீயிட்ட பின்னரே எல்ஃப்கள் முழு வலியோடு களம் புகுந்தனர்.

எதிரணியும் ஒருமனப்பட்டதன்று. லார்டரான் தலைநகர் வீழும் தறுவாயில், ஓர்க்குகளின் மந்திரவாதி குல்டான் தெய்வ ஆற்றலைத் தேடித் தன் குலத்தாரோடு கப்பலேறினான். தலைவன் டூம்ஹாமர் அவனைத் தண்டிக்கப் படையைப் பிரித்தனுப்ப, முற்றுகை தளர்ந்தது. கூட்டணி வென்றதில் அதன் ஒற்றுமைக்கு எவ்வளவு பங்குண்டோ, பகைவர் பிளவுக்கும் அவ்வளவு பங்குண்டு. லோதர் களத்தில் மாண்டார். அவரோடு அந்தப் பழங்கடனும் முடிந்தது என்பதை அப்போது எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெற்றிக்குப் பின் சிறைப்பட்ட ஓர்க்குகளை என் செய்வது என்ற வினா எழுந்தது. கொல்வதா, காப்பதா? டெரெனாஸ் அவர்களைத் தடுப்பு முகாம்களில் அடைத்துக் காவலிட்டார். முகாமுக்குக் காவலர் வேண்டும், உணவு வேண்டும். அதற்குப் பொருள் வேண்டும். ஒவ்வோர் அரசிடமும் வரி கேட்கப்பட்டது. போரின்போது குருதியைக் கேட்டால் கொடுத்த மன்னர்கள், அமைதியின்போது பொன்னைக் கேட்டவுடன் முணுமுணுத்தனர். ஆல்டராக்கின் காலியான அரியணை யாருக்கு என்பதிலும் பூசல். பிரெஸ்டர் என்னும் பெருமகன் அதற்கு உரிமை கொண்டாடினான். மன்னர்கள் பலரும் அவன் சொல்வன்மையில் மயங்கினர். மாந்தவுருக் கொண்ட கரும்பறவைநாகம் அவன் என்பது 2001இல் வெளிவந்த புதினம் ஒன்றில் விளங்குகிறது. கதைக்கு அது சுவை கூட்டலாம். ஆனால் எனக்கு அந்த வரிக் கணக்கே மெய்யாகப் படுகிறது. கிரேக்க வரலாற்றிலும் இதனைக் காண்கிறோம். பாரசீகரை எதிர்க்கக் கி.மு. 478இல் கூடிய டீலோஸ் கூட்டணியின் கருவூலம், கி.மு. 454இல் ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. துணைக்கொடை கப்பமாகத் திரிந்தது. விலக முயன்ற நக்சோஸ் தீவாரை ஏதென்சு படைகொண்டு அடக்கியது. டெரெனாஸ் அவ்வாறு செய்யவில்லை. விலக நினைத்தோர் விலகினர்.

முதலில் நீங்கியவர்கள் எல்ஃப்கள். மாந்தர்தம் தலைமையின் பிழையால்தான் எங்கள் கானகம் எரிந்தது என்றனர். உங்கள் நாட்டைக் காக்க எம் வீரர் நூற்றுக்கணக்கானோர் உயிர் நீத்திராவிடில் அங்கு எதுவும் எஞ்சியிராது என்று டெரெனாஸ் நினைவூட்டினார். இருவர் கூற்றும் உண்மையே. எரிந்த மரத்தை ஒருவர் எண்ணினார், மாண்ட வீரனை மற்றவர் எண்ணினார். எல்ஃப்களைத் தொடர்ந்து கில்னியசும் ஸ்ட்ரோம்கார்டும் நீங்கின. கில்னியஸ் எல்லை நெடுகப் பெருமதில் எழுப்பி உள்ளே ஒடுங்கியது. 2002இல் வந்த மூன்றாம் விளையாட்டின் கையேடு இந்தப் பிரிவைச் சில பத்திகளில் சொல்லிக் கடக்கிறது. அந்தச் சில பத்திகளில்தான் பின்வந்த பதினாறாண்டுக் கதைகளுக்கும் வித்து இருக்கிறது என்பேன்.

டெரெனாஸின் மகன் ஆர்தாஸ் தீயதொரு வாளுக்கு அடிமையாகித் தந்தையைக் கொன்றான். பிணங்களை எழுப்பிப் படையாக்கி வடக்கே நடத்தினான். குவெல்தாலஸ் வீழ்ந்தது, அனஸ்டீரியன் மாண்டார், கதிர்க்கிணறு மாசுற்றது, எல்ஃப்களில் பத்தில் ஒன்பது பங்கினர் அழிந்தனர். டலரான் நகரில் மாயம் பயின்றிருந்த இளவரசர் கேல்தாஸ் எஞ்சியோரைத் திரட்டி, மாண்டவர் நினைவாகக் 'குருதி எல்ஃப்கள்' எனப் பெயரிட்டார். பின் எங்குச் சென்றார் என எண்ணுகிறீர்கள்? விட்டு நீங்கிய அதே கூட்டணியிடம்.

2003இல் வெளிவந்த 'உறைந்த அரியணை' என்னும் தொடர்ச்சி இப்பகுதியைச் சொல்கிறது; முழு வரலாற்றிலும் சிறந்தது இதுவே என்பது என் துணிபு. கூட்டணியின் எச்சப் படைக்கு அப்போது தலைவர் கரிதோஸ். மாந்தரல்லாதாரை இழிவாக எண்ணும் இயல்பினர். பிணப்படையை எதிர்த்துப் போரிட வந்த இளவரசரை, பழுதுற்ற மாயக் காண்கூடங்களைச் செப்பனிடும் வேலைக்கு ஏவினார். அதுவும் முடிந்தபின், முன்வரிசையில் நின்று பகைவரைத் தடுக்க ஆணையிட்டார். அதே மூச்சில் காலாட்படையையும் குதிரைப்படையையும் தம்மிடம் திருப்பி அழைத்துக்கொண்டார். ஆணையை மீறினால் துரோகி, நிறைவேற்றினால் பிணம். இந்நிலையில் கடல்வாழ் பாம்புருவினரான நாகா இனத்தார் உதவ முன்வந்தனர். (நம் நாட்டுப் பழங்கதைகளின் நாகர் பெயரே கடல் கடந்து சென்று அங்கே வழங்குகிறது.) இளவரசர் உதவியை ஏற்றார், வென்றார். வென்றதே குற்றமாயிற்று. வேற்றினத்தாரோடு உறவு கொண்டார் எனச் சொல்லிக் கரிதோஸ் அவரையும் அவர் மக்களையும் டலரானின் நிலவறையில் அடைத்து மரணத் தண்டனை விதித்தார். நாகா தலைவி வாஷ் வந்து மீட்டிராவிடில் அக்குடி அங்கேயே முடிந்திருக்கும். மீண்டவர்கள் வேற்றுலகுக்கு ஓடி இல்லிடன் என்பவனிடம் அடைக்கலம் புகுந்தனர்.

கரிதோஸின் முடிவும் கூறத்தக்கதே. எல்ஃப்களை நம்பாத அவர், எல்ஃப் தளபதியாய் இருந்து ஆர்தாஸின் வாளால் மாண்டு, பின் பேயுருவாய் எழுந்த சில்வனாசை நம்பினார். தலைநகரை மீட்டுத் தருவேன் என்றாள், சேர்ந்து மீட்டனர். நகரைக் கேட்ட அந்நொடியிலேயே அவள் ஆணையால் அவர் கொல்லப்பட்டார்.

2004இல் பல்லாயிரவர் ஒருங்கே ஆடும் 'வார்கிராஃப்ட் உலகம்' தொடங்கியது. 2007 சனவரியில் குருதி எல்ஃப்கள் ஓர்க்குகளின் அணியில் சேர்ந்தனர். கானகத்தை எரித்தவரோடு, டிரோல் குலம் ஒன்றும் இருந்த பாசறையில்! அவர்களுக்காகப் பரிந்துரைத்தவள் சில்வனாஸ். மாந்தர் வந்து தடுத்த டிரோல் குலம் வேறு, இந்தக் குலம் வேறு என்று எல்ஃப்கள் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

திரும்பி வரும் வாயில் ஒருமுறை திறந்தது. கேல்தாஸுக்குப் பின் ஆட்சிப் பொறுப்பேற்ற லோர்தெமார், 2012ஆம் ஆண்டுக் கதைப்பகுதியில் ஸ்டார்ம்விண்ட் மன்னர் வேரியனோடு மறைவாகத் தூது நடத்தினார். ஓர்க்குகளின் தலைவன் கரோஷின் கொடுங்கோல் அவருக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டில் கரோஷ் மாயக்குண்டு ஒன்றால் தெரமோர் நகரை அழித்திருந்தான். அதற்கு உள்ளிருந்து உதவியவன் டலரானைச் சேர்ந்த எல்ஃப் ஒருவன். தெரமோரின் தலைவி ஜெய்னா, ஓர்க்குகளோடு அமைதி வேண்டித் தம் தந்தை களத்தில் மாள்வதையும் விலகி நின்று பொறுத்தவர். இப்போது டலரானின் ஆட்சி அவர் கையில். நடுநிலை நகரான அங்கிருந்த குருதி எல்ஃப்கள் சிலர் மீண்டும் கரோஷுக்கு உதவியது தெரிந்ததும், குற்றவாளி யார், அல்லாதார் யார் எனப் பாராமல் அனைவரையும் விரட்டினார், எதிர்த்தோர் மாண்டனர், பலர் சிறைப்பட்டனர். தூது நடப்பதை வேரியன் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. செய்தி எட்டியதும் லோர்தெமார் பேச்சை முறித்தார். கரிதோஸ் வெறுப்பால் செய்ததை ஜெய்னா துயரத்தால் செய்தார். நிலவறைப்பட்டவர்க்கு இரண்டும் ஒன்றுதான்.

ஒருவரைச் சொல்லாமல் விட்டேன். சில்வனாசின் தமக்கை அலெரியா இரண்டாம் போரில் கூட்டணியோடு நின்று போரிட்ட எல்ஃப் வில்லாளி. வேற்றுலகுக்குச் சென்ற படையோடு வாயிலைக் கடந்து மறைந்தவர், 2017இல் கதைக்குள் மீண்டபோதும் கூட்டணியின் வீராங்கனையாகவே மீண்டார். 2018இல் தாய்நகர் சென்று கதிர்க்கிணற்றருகே நின்றார். அவர் உடலில் ஏறியிருந்த இருளாற்றல் கிணற்றுக்கு ஊறு விளைத்தது. லோர்தெமார் அவரை நகரைவிட்டு நீங்கச் சொன்னார். அதே இருளை ஆராய்ந்ததற்காக முன்பே நாடுகடத்தப்பட்டிருந்த அம்பிரிக்கையும் அவர் மாணாக்கரையும் அலெரியா தேடிக் கண்டு ஸ்டார்ம்விண்டுக்கு அழைத்து வந்தார். அவ்வாண்டில் எதிரணியின் தலைமை சில்வனாசின் கையில் இருந்தது.