ஜெயிச்ச பிறகு நிறுத்தத் தெரியணும்: பிஸ்மார்க்கின் இரண்டு போர்கள்

காலேஜ் ஹாஸ்டல் நாட்களில் எனக்கு ஹீரோ பிஸ்மார்க். அரசியலில் ரியலிசம் என்றால் இரக்கமே பார்க்காமல் காய் நகர்த்துவது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை மாற்றிய ஒரு சம்பவத்தைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறோம்.

1866. ஜெர்மனி என்று ஒரே நாடு அப்போது கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட அரசுகள். அதில் பெரிய கைகள் இரண்டு: ஆஸ்திரியா, பிரஷ்யா. யார் தலைவன் என்பதுதான் சண்டை. பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் போர் வேண்டும் என்கிறார். மன்னர் முதலாம் வில்ஹெல்முக்கோ தயக்கம். எப்படியோ அவரைச் சம்மதிக்க வைத்துவிடுகிறார்.

ஜூலை 3. இன்றைய செக் குடியரசில் இருக்கும் கோனிக்கிரேட்ஸ் என்ற இடத்தில் பெரிய மோதல். ஒரே நாளில் ஆஸ்திரியா தோற்றுவிடுகிறது. வியன்னாவுக்குப் போகும் வழி திறந்து கிடக்கிறது.

இங்கேதான் கதை தலைகீழாகிறது. போரே வேண்டாம் என்று தயங்கிய மன்னருக்கு இப்போது ஆசை வந்துவிட்டது. வியன்னாவுக்குள் நுழையணும், ஆஸ்திரியாவிடமிருந்து நிலம் பிடுங்கணும் என்கிறார். போரைக் கேட்ட பிஸ்மார்க்தான் 'போதும்' என்கிறார்!

ஏன்? அவருடைய கணக்கு இதுதான். ஆஸ்திரியாவை அவமானப்படுத்தினால் அது பழிவாங்கக் காத்திருக்கும். பிரான்சின் மூன்றாம் நெப்போலியன் நடுவில் புகுந்துவிடலாம். படையில் காலரா வேறு பரவுகிறது. ஐரோப்பாவில் நாம் மட்டும் தனியாக வாழவில்லை என்று நம்ம ஆட்களுக்குப் புரியவைப்பதுதான் தன் நன்றிகெட்ட வேலை என்று மனைவிக்குக் கடிதமே எழுதுகிறார்.

நிக்கோல்ஸ்பர்க் மாளிகையில் மன்னரோடு கடும் வாக்குவாதம். அன்றைக்கு அழுததாகவும், ஜன்னல் வழியே குதித்துவிடலாமா என்றுகூட யோசித்ததாகவும் பிஸ்மார்க் தன் நினைவுக்குறிப்பில் சொல்கிறார். கடைசியில் பட்டத்து இளவரசர்தான் அப்பாவிடம் பேசி வழிக்குக் கொண்டுவந்தார். அந்த இளவரசர் இந்தப் போரையே எதிர்த்தவர்!

ஜூலை 26-ல் தற்காலிக ஒப்பந்தம். ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா தனக்கென்று ஒரு துண்டு சொந்த நிலம்கூட எடுக்கவில்லை. உடனே பிஸ்மார்க் நல்லவர்னு முடிவு பண்ணிடாதீங்க. அதே வருஷம் ஹானோவரை அப்படியே விழுங்கி, அதன் மன்னரை வீட்டுக்கு அனுப்பினார். யாரை விழுங்கலாம், யாரை விடணும் என்று பிரித்துப் பார்த்தார். அதுதான் விஷயம்.

பலன் நாலே வருஷத்தில் கிடைத்தது. 1870-ல் பிரான்சோடு போர் வந்தபோது ஆஸ்திரியா ஒதுங்கி நின்றது. 1879-ல் ஜெர்மனியோடு கூட்டணியே வைத்தது.

ஆனால் பிரான்ஸ் விஷயத்தில் அவரால் அப்படி நிறுத்த முடியவில்லை. 1871-ல் அல்சாஸையும் லொரேனின் ஒரு பகுதியையும் ஜெர்மனி எடுத்துக்கொண்டது. மேலே 500 கோடி பிராங்க் அபராதம். பணத்தை பிரான்ஸ் 1873-க்குள் கட்டி முடித்துவிட்டது. நிலத்தை மறக்கவில்லை. 1894-ல் ரஷ்யாவோடு கூட்டணி சேர்ந்தது. 1914-ல் ஜெர்மனி இரண்டு பக்கமும் எதிரிகளோடு மாட்டிக்கொண்டதன் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

அதே மூளைதானே, ஏன் இந்த வித்தியாசம்? எனக்குத் தோன்றுவது இது. 1866-ல் அவர் சமாளிக்க வேண்டியிருந்தது ஒரு மன்னரையும் சில தளபதிகளையும். 1870-ல் எம்ஸ் தந்தியைச் சுருக்கிக் காரமாக்கி பத்திரிகைகளுக்குக் கொடுத்து, மக்களின் கோபத்தைக் கிளப்பிவிட்டதே அவர்தான். ஜெயித்ததும் அந்த மக்களும் பத்திரிகைகளும் நிலம் கேட்டார்கள், தளபதிகளும் கேட்டார்கள். ஒரு அறைக்குள் அழுது, வாதாடி, ஒரு மன்னரின் ஆசையை அடக்கலாம். ஒரு தேசத்தின் ஆசையை எந்த அறையில் உட்கார்ந்து அடக்குவது? அவரும் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

நம்ம பாஷையில் சொன்னால், லூப் எழுதுவது ஈஸி. அது எங்கே நிற்கணும் என்ற கண்டிஷனை முதலிலேயே எழுதணும். ஓட ஆரம்பித்த பிறகு தேடினால் கிடைக்காது.

இன்றைக்கும் ஒரு தலைவர் ஜெயிக்கும்போது நாம் கைதட்டுகிறோம். 'போதும்' என்று சொல்பவரைக் கோழை என்கிறோம். ஹாஸ்டலில் நானும் அதைத்தான் செய்தேன். நீங்க என்ன நினைக்கிறீங்க, எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.